புல்லுக்கு எத்தனை வெட்டு?

ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் போதும். வடவள்ளி, சரவணம்பட்டிப் பக்கத்துக் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை பிரஷ் கட்டர் சத்தத்தோடுதான் விடியும். போன வாரம் வெட்டிய புல் இந்த வாரம் கணுக்காலைத் தொடுகிறது. ஆளுக்குக் கூலி, இயந்திரத்துக்குப் பெட்ரோல், வெட்டியதை அள்ளிக் கொட்ட ஒரு மூலை என்று செலவும் வேலையும் தொடர்கின்றன. தோட்டக்காரரிடம் கேட்டால், "புல்லுன்னா வளரத்தானுங்க செய்யும்" என்பார். வளரும்தான். ஆனால் அது எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நாமே முடிவு செய்துவிட்டு, பிறகு அதன் பின்னால் ஓடுகிறோம்.

புல் ஏன் வெட்டுக்கு அஞ்சுவதில்லை? ரோஜாச் செடியின் நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளை அங்கேயே நின்றுவிடும். பக்கத்து மொட்டு விழித்துப் புதுக் கிளை விட்டால்தான் உண்டு. புல்லின் இலை வளர்வது நுனியில் அல்ல, அடியில். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அருகம்புல்லில் புதிதாக நீண்டுகொண்டிருக்கும் ஓர் இலையைத் தேர்ந்தெடுத்து, அது உறையிலிருந்து வெளிவரும் இடத்தில் தொடங்கி நுனிவரை அரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாக மெல்லிய மார்க்கரால் வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் புள்ளிகளுக்கு இடையே இருந்த தூரம் மாறியிருக்காது. மொத்தப் புள்ளி வரிசையும் மேலே ஏறியிருக்கும். அதற்குக் கீழே புள்ளியே இல்லாத புதுப் பச்சை வந்திருக்கும். இலையை நீட்டும் திசு உறைக்குள், தரையை ஒட்டி, பல்லுக்கும் கத்திக்கும் எட்டாத ஆழத்தில் இருக்கிறது. இலையும் உறையும் சேரும் இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் வெண்மையான மெல்லிய மயிர் ஒரு வரிசையாக நிற்பதையும் காணலாம். அருகை அடையாளம் காண அது நல்ல குறி.

மேயும் விலங்குகளோடு பல லட்சம் தலைமுறை வாழ்ந்த செடிக்கு இப்படியொரு அமைப்பு வாய்த்ததில் வியப்பில்லை. ஆனால் வெட்டு புல்லுக்கு இலவசம் அல்ல. இலைதான் அதன் சமையலறை. அதை எடுத்துவிட்டால் அடித்தண்டிலும் வேர்த்தண்டிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் செலவழித்துத்தான் புது இலை விட வேண்டும். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கிரைடர் என்பவர் 1955-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கைத் துல்லியமாக்கியது. இலைப் பரப்பில் 40 விழுக்காடு வரை வெட்டியபோது வேர் வழக்கம்போல் வளர்ந்தது. பாதிக்கு மேல் வெட்டியபோது, அவர் சோதித்த புற்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வேர் வளர்ச்சி சில நாட்களுக்கு நின்றே போனது. வெட்டு கூடக் கூட அந்த முடக்கமும் நீண்டது. ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே என்று உலகமெங்கும் புல்வெளிக்காரர்கள் சொல்லும் விதிக்கு இதுபோன்ற ஆய்வுகள்தான் பலம்.

கொங்கு நாட்டில் இந்தக் கணக்கை ஏட்டில் எழுதாமலே போட்டவர்கள் இருக்கிறார்கள். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலம் உண்டு. அது ஊர்ப் பொது நிலம் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். சுற்றிலும் முள்ளுக்கிளுவையை நெருக்கி நட்ட உயிர்வேலி. உள்ளே எட்ட எட்ட வெள்வேல மரங்கள். தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே பல வகைச் சிறு செடிகள். காங்கயம் மாடுகளையும் செம்மறிகளையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம், வேலியே பார்த்துக்கொள்ளும். கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து தீவனமாகும்.

இதில் கவனிக்க வேண்டியது மாட்டை எப்போது உள்ளே விடுகிறார்கள், எப்போது வெளியே எடுக்கிறார்கள் என்பதுதான். முதல் மழை விழுந்ததும் விட்டுவிட மாட்டார்கள். புல் தழைத்து எழட்டும் என்று பொறுப்பார்கள். மேய்ந்து புல் இறங்கியதும், அடிக்கட்டை மிச்சம் இருக்கும்போதே, அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். மேய்ந்த காட்டுக்கு ஓய்வு. சில காடுகளை விதை உதிரும்வரை திறப்பதே இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து எடுப்பதும் உண்டு. மறுபடி புல் தானாக எழுந்துவிடும். கொழுக்கட்டைப்புல் தன் சேமிப்பைப் பருத்த அடித்தண்டில்தான் வைத்திருக்கிறது. அதைத் தின்னக் கொடுத்துவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்க்க முதல் இருக்காது. கிரைடர் ஆய்வுக்கூடத்தில் கண்டதை இந்த விவசாயிகள் மாட்டின் வயிற்றையும் வானத்தையும் பார்த்தே கண்டிருக்கிறார்கள்.

நகரத்துப் புல்வெளியில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஒப்பந்தத்துக்கு எடுத்தவர் மாதம் ஒருமுறை வருவார். அதற்குள் புல் முழங்கால் உயரம். ஒரே நாளில் மண் தெரிய வழித்துவிட்டுப் போவார். பார்க்கச் சுத்தமாக இருக்கும். இரண்டு நாளில் மஞ்சளாகும், வேர் நிற்கும், வெறும் மண்ணில் வெயில் பட்டுக் களை விதைகளெல்லாம் முளைக்கும். களைகள் புல்லைவிட வேகமாக வளர்வதால் அடுத்த வெட்டு இன்னும் சீக்கிரம் தேவைப்படும். அதிகமாக வெட்டுவதாலேயே அதிகமாக வெட்ட வேண்டியிருக்கிறது என்ற இந்த வட்டத்தை உடைக்க மூன்று வழிகள் உண்டு: உயரம், உணவு, இனம்.

உயரத்தின் கணக்கு எளிது. புல் நாளுக்கு 3 மில்லிமீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 சென்டிமீட்டரில் பராமரித்தால், மூன்றில் ஒரு பங்கு விதிப்படி 3 சென்டிமீட்டர் ஆனதும் வெட்ட வேண்டும். வளர்ந்தது ஒரு சென்டிமீட்டர்தான். மூன்று நாளில் வெட்டு வந்துவிடும். அதே புல்லை 4 சென்டிமீட்டரில் வைத்தால் 6 சென்டிமீட்டர்வரை விடலாம். இரண்டு சென்டிமீட்டர் வளர ஏறக்குறைய ஒரு வாரம். உயரத்தை இரட்டிப்பாக்கினால் வெட்டுகள் பாதியாகின்றன. இதற்கு எந்த மருந்தும் புது இயந்திரமும் வேண்டாம், இருக்கிற இயந்திரத்தின் சக்கரத்தை ஒரு துளை ஏற்றினால் போதும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. அருகை 5 சென்டிமீட்டருக்கு மேலான உயரத்திலேயே பராமரித்தால் அடியில் வெளிச்சம் போகாமல் இலை உதிர்ந்து வெறும் தண்டு நிற்கும். பிறகு வெட்டினால் பழுப்புத் தண்டுதான் மிஞ்சும். வீட்டுப் புல்வெளிக்கு மூன்றிலிருந்து நான்கு சென்டிமீட்டர் சரி என்பது என் கட்சி.

கத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புல்வெட்டும் இயந்திரம் ஆலையில் பிறந்தது என்பது கோவைக்காரர்களுக்குப் பிடிக்கும். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற கம்பளித் துணி நெய்யும் ஊரில் எட்வின் பட்டிங் என்ற பொறியாளர், துணியின் மேல் துருத்தி நிற்கும் இழைகளைச் சீராக நறுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, அதையே தரையில் உருட்டினால் என்ன என்று யோசித்தார். 1830-இல் காப்புரிமை பெற்றார். ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் நூற்பாலையைத் தொடங்கிய 1888-க்குள் இங்கிலாந்தில் அந்த இயந்திரம் சகஜமாகிவிட்டது. பட்டிங்கின் உருளைக் கத்தி கத்தரிக்கோல்போல் நறுக்குகிறது. இன்றைய பிரஷ் கட்டரின் நைலான் நரம்போ இலையை அடித்துக் கிழிக்கிறது. மழுங்கிய கத்தியும் அப்படித்தான். வெட்டிய மறுநாள் குனிந்து பார்த்தால் இலை நுனி நார்நாராகப் பிய்ந்து வெளுத்திருப்பது தெரியும். பண்ணரிவாளில் புல் அறுத்த பாட்டிகள் அறுக்கும் முன் அதைத் தீட்டாமல் தொடமாட்டார்கள்.

அடுத்தது உணவு. இங்கே நம் தட்பவெப்பத்தைச் சற்று யோசிக்க வேண்டும். கோவையில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 650 மில்லிமீட்டர். லண்டனிலும் கிட்டத்தட்ட அவ்வளவேதான். ஆனால் லண்டனில் அது வருடம் முழுக்கத் தூறலாக விழுகிறது. இங்கோ பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். அந்தக் காற்றும் வெயிலும் சேர்ந்து மழையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான நீரை உறிஞ்சிவிடக் கூடியவை. இங்கிலாந்தில் குளிர் வந்து புல்லை நிறுத்தும். கோவையில் மார்கழி இரவுகூட அருகை முழுதாக உறங்கவைக்காது. அருகம்புல் கரும்பைப் போல வெப்பத்துக்கென்றே அமைந்த ஒளிச்சேர்க்கை முறை கொண்டது. 1960-களில் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பிலைகளை வைத்து விளக்கிய முறை அது. முப்பது டிகிரிக்கு மேல்தான் அதற்கு உற்சாகம். ஆக, நம் ஊரில் புல்லைத் தடுத்து நிறுத்தக் கூடியது ஒன்றே ஒன்று: தண்ணீர் இல்லாமை. குழாயைத் திறந்ததும் அந்தத் தடையையும் நாமே எடுத்துவிடுகிறோம்.

தண்ணீரே விடாதே என்று சொல்லவில்லை. தினமும் மாலையில் பத்து நிமிடம் தெளிப்பதை விட்டு, வாரம் ஒருமுறை மண் அரை அடி நனையும்படி பாய்ச்சினால் வேர் கீழே போகும், இலை வளர்ச்சி மட்டுப்படும். பங்குனி, சித்திரையில் அருகு பழுத்தால் பதற வேண்டியதில்லை. மண்ணுக்குள் வேர்த்தண்டு உயிரோடு இருக்கும். வயலில் அதை ஒழிக்க முடியாமல் கோடை உழவு ஓட்டி, கிளறிப் பொறுக்கி, வெயிலில் காயப்போட்ட விவசாயியைக் கேட்டால் அதன் ஆயுளைச் சொல்வார்.

யூரியாதான் இதில் பெரிய வில்லன். அதில் 46 விழுக்காடு நைட்ரஜன். மழைக்கு முன்னால் ஒரு கைப்பிடி வீசினால் புல் பச்சைப் பசேலென்று எழும். அடுத்த மூன்று வாரமும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பச்சையை வெட்டி, அள்ளி, குப்பை வண்டியில் ஏற்றி, பிறகு மறுபடி யூரியா வாங்குகிறோம். வெட்டிய துணுக்குகளை அப்படியே விட்டுவிட்டால் என்ன? அவற்றின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். சிறிதாக இருந்தால் சில நாளில் மட்கி, புல்வெளிக்குத் தேவையான நைட்ரஜனில் சுமார் கால் பங்கை அங்கேயே திருப்பித் தந்துவிடும். அது மேலே தேங்கி மெத்தை கட்டும் என்பது பரவலான அச்சம். உண்மையில் மெத்தை கட்டுவது மட்கத் தாமதமாகும் தண்டும் வேர்த்தண்டும்தான். மாதம் ஒருமுறை வழித்தெடுக்கும் நீளமான குவியலை விட்டுவைக்கக் கூடாது என்பது வேறு விஷயம், அது அடியில் உள்ளதை மூச்சுத் திணற வைக்கும். நம் சுண்ணாம்பு கலந்த மண்ணில் புல் வெளுக்கும்போது நைட்ரஜன் போதவில்லை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பல நேரம் அது இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தால் வளர்ச்சி தூண்டப்படாமலே பச்சை திரும்பும்.

மூன்றாவது, இனம். கோவை நர்சரிகளில் பெர்முடா என்று பெயர் சொல்லி விற்பவற்றில் பல, நம் அருகுக்கும் அதன் ஆப்பிரிக்க உறவுக்கும் பிறந்த கலப்புகள். இவற்றின் பின்னால் ஜார்ஜியாவின் டிஃப்டன் நகரில் வேலை பார்த்த கிளென் பர்ட்டன் இருக்கிறார். டிஃப்கிரீன் 1956, டிஃப்வே 1960. அருகுக்கு 36 குரோமோசோம், ஆப்பிரிக்கப் புல்லுக்கு 18. பிள்ளைக்கு 27. ஒற்றைப்படையில் நிற்பதால் அது விதை கட்டாது, துண்டு நட்டுத்தான் பெருக்க வேண்டும். (இதே பர்ட்டன் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற கம்பு வரிசைதான் 1965-இல் இந்தியாவின் முதல் கலப்பினக் கம்பான எச்பி-1-க்குத் தாயானது. கம்பங்கூழ் குடித்து வளர்ந்த கொங்கு மண்ணுக்கு அவர் புல்வெளிக்காரர் என்பதைவிட அது பெரிய உறவு.) இந்தக் கலப்புகள் நெருக்கமாக, மென்மையாக, கம்பளம்போல் படரும். ஆனால் கோல்ஃப் மைதானத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் என்றே தேர்ந்தெடுத்தவை அவை. வாரம் இரண்டு முறை உருளைக் கத்தி ஓட்ட ஆள் வைத்திருப்பவர்களுக்கான புல் அது. வெட்டைக் குறைக்க விரும்பும் வீட்டுக்காரர் அதை வாங்குவதில் அர்த்தமில்லை.

வெட்டு குறைய வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது சோய்சியா. கொரியன் புல், மெக்சிகன் புல் என்ற பெயர்களில் பாய் பாயாக விற்பவை பெரும்பாலும் இந்த வகை. பெயர்கள் கடைக்குக் கடை மாறும் என்பதால் இலையைப் பார்த்து வாங்குவது நல்லது. கொரியன் புல்லின் இலை நூல்போல் மெல்லியது. உயரமாகப் போவதைவிடப் புடைத்துப் புடைத்துப் பாசி படர்ந்த பாறைபோல் மேடு தட்டும். மேடு பிடிக்கும் என்றால் வருடத்தில் ஓரிரு முறை வெட்டினால் போதும். சமமாக வேண்டும் என்றால் கொஞ்சம் கூடும். மெதுவாக வளர்வதற்கு ஒரு விலையும் உண்டு: தேய்ந்த இடம் ஆறுவதும் மெதுவாகத்தான். பிள்ளைகள் தினமும் கிரிக்கெட் ஆடும் முற்றத்துக்கு அருகுதான் சரி. வெயிலில் அதன் வேகமே அங்கே மருந்து.

அடர்ந்த நிழலுக்கு இரண்டுமே சரிப்படாது. மாமரத்தடியில் அருகு வைத்தால் அது வெளிச்சத்தைத் தேடி மேலே நீளும். இலைகளுக்கு ஊடே வடிந்து வரும் ஒளியில் சிவப்பு குறைந்திருப்பதை அதன் நிறமிகள் உணர்ந்து, தண்டை நீட்டு என்று கட்டளையிடுகின்றன. ஆக நிழலில் புல் நலிவதோடு வெட்டும் கூடுகிறது. அந்த இடத்தில் புல் வேண்டாம், சருகையே பரப்பிவிடுங்கள்.

பண்ணை வீடு வைத்திருப்பவர்கள் ஏக்கர் கணக்கில் கம்பளம் விரிக்க நினைப்பதுதான் எனக்குப் புரிவதில்லை. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் வெட்டி வைத்துக்கொண்டு மீதியில் கொழுக்கட்டைப்புல்லை விடலாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் நீலக் கொழுக்கட்டைப்புல் கோ 1 போன்ற ரகங்களும் உண்டு. மழைக்குப் பிறகு விதை உதிர்ந்ததும் ஒரு வெட்டு. அதையும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டுக்கு அறுத்துக்கொண்டு போவார். செம்மறிப் பட்டி போட்டால் எருவும் மிச்சம். இந்தப் புல்லை அதன் சொந்த ஊருக்கு வெளியே கொண்டுபோனதில் விபரீதமும் நடந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டகச் சேணத்தில் திணித்த புல்லோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்து பரந்த பரப்பைப் பிடித்துக்கொண்டது. அரிசோனாவில் தீயே அறியாத கள்ளிப் பாலைவனத்தில் காய்ந்து நின்று தீயைப் பரப்புகிறது.

வெட்டே வேண்டாம் என்பவர்களுக்கு வரப்போரப் பொடுதலை இருக்கிறது. புல்லே அல்ல; தரையோடு தரையாகப் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் மூலிகை. ஜப்பானில் இதிலிருந்து குராபியா என்ற ரகத்தை உருவாக்கி, கலிபோர்னியாவில் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் புல்வெளி மாற்றாக விற்கிறார்கள். நாம் ஓடைக் கரையில் ஓசியில் பிடுங்கலாம். வெறுங்காலில் நடப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதன் சின்னப் பூக்களுக்குத் தேனீ வரும். பூக்கும் நேரத்தில் ஒருமுறை வெட்டினால் அடங்கும்.

எந்தப் புல்லானாலும் கோரையைத் தீர்க்காமல் நட்டால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். பல வீடுகளில் வாராவாரம் வெட்டுவது புல்லுக்காக அல்ல. வெட்டிய நாலாம் நாளே புல்லுக்கு மேல் ஈட்டிபோல் நிற்கும் கோரைக்காக. மண்ணுக்கடியில் கிழங்கு கிழங்காகச் சங்கிலி கோத்து வைத்திருப்பதால் மேலே எத்தனை முறை வெட்டினாலும் அதற்கு வலிப்பதில்லை. அது பெரும்பாலும் மேடேற்ற வாங்கும் செம்மண் லோடோடுதான் வீட்டுக்குள் வருகிறது. சித்திரை வெயிலில் மண்ணைக் கொத்திப் புரட்டிப் போட்டால் கிழங்கு காய்ந்து சாகும். தப்பியதைப் பிடிக்க, நடுவதற்கு முன் தண்ணீர் விட்டு முளைக்கவிட்டு, கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். இதை மூன்று நான்கு சுற்று செய்துவிட்டு ஆடி, ஆவணியில் நடலாம். அருகென்றால் ஓரிரு மாதத்தில் மூடிக்கொள்ளும். கொரியன் புல்லைத் துணுக்காக நட்டால் ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை இடைவெளியில் தலைகாட்டும் கோரையைக் களைக்கொத்தியால் கிழங்கோடு எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.